கடல் இல்லாத கிரேக்க ஊர்: கொசானி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கொசானியிலிருந்து கடற்கரை பக்கமா?

இல்லை. கிரேக்க மாகாணங்களில் கடலே தொடாதது மேற்கு மாசிடோனியா ஒன்றுதான்; அதன் தலைநகர்தான் கொசானி. சுமார் 700 மீட்டர் உயரம் என்பதால் குளிர்காலத்தில் பனி கொட்டும். தெற்கே, அலியாக்மோன் ஆற்றை 1970களில் மறித்ததால் உண்டான பொலிஃபித்தோ ஏரி இருக்கிறது.

கேள்வி: ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது?

பழுப்பு நிலக்கரியை. நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். இங்கும் திறந்தவெளிச் சுரங்கம், பக்கத்திலேயே அனல்மின் நிலையம். வடக்கே தொலமைதா நகரம் வரை இதே கதைதான். பல்லாண்டு காலம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போனது. சுரங்கம் விரிந்ததில் மாவ்ரோபிகி போன்ற கிராமங்கள் காலியாயின. 2028க்குள் இந்தக் கரியை எரிப்பதை நிறுத்துவோம் என்று 2019இல் பிரதமர் மிட்சோடாகிஸ் அறிவித்தார்.

கேள்வி: காற்று சுத்தமாகும், நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் இந்த ஊர் வீடுகளைச் சூடாக வைத்திருந்ததும் அந்த அனல்மின் நிலையம்தான். அங்கே சூடாக்கிய தண்ணீர் குழாய் வழியே வந்து வீட்டு ரேடியேட்டர்களில் ஓடும். மாற்று ஏற்பாடு இல்லாமல் நிலையத்தை மூடினால், வேலையோடு வீட்டுச் சூடும் போய்விடும். ஏதென்ஸில் தேதி குறித்தவர்கள் இதை முதலில் யோசித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2022இல் இங்கே 204 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தார்கள். அதைக் கட்டும்போதுதான் நிறைய ஆள் வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளச் சிலர் போதும்.

கேள்வி: இங்கே விளையும் குங்குமப்பூ நிலக்கரியின் இடத்தை நிரப்பாதா?

நிரப்பாது. ஆனால் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. பக்கத்துக் குரோகோஸ் கிராமமும் சுற்றுவட்டாரமும்தான் கிரேக்கக் குங்குமப்பூவின் தாய்நிலம். ஊதாப் பூ ஒவ்வொன்றிலும் சிவப்பு இழை மூன்று; அது காய்ந்தால்தான் குங்குமப்பூ. காய்ந்த குங்குமப்பூ ஒரு கிலோ சேரச் சுமார் 1,50,000 பூ வேண்டும். குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மின்விசிறிக் காற்றில் கொட்டினால் லேசான இதழ் பறந்துவிடும், இழை தங்கிவிடும். பிறகு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து மஞ்சள் மகரந்தத் தாள்களைப் பொறுக்கி எடுக்கும். 1971இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் விளைச்சலை வாங்கி விற்பதால் விவசாயி இடைத்தரகரிடம் மாட்டுவதில்லை. ஆனால் அறுவடை சில வாரம்தான். ஆண்டு முழுக்கச் சம்பளம் வாங்கிய சுரங்கத் தொழிலாளிக்கு அது எப்படிப் போதும்?

கேள்வி: எப்போது போகலாம்?

அக்டோபர் கடைசியில், குங்குமப்பூ அறுவடை நேரத்தில். தெசலோனிகியிலிருந்து எக்னாத்தியா நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வயலைப் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே கிளம்புங்கள்.