பொன்னாடை போக, கைக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தையும் மேடையையும் நம்பி இருப்பவர்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. தொகைகள் எல்லாம் மலேசிய வெள்ளியில்.

கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளராக இருக்கிறேன். நிகழ்ச்சிக் குறிப்பையும் நானே எழுதுகிறேன். ‘மூன்று மணி நேரத்துக்கு 500 வெள்ளியா?’ என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். எவ்வளவு கேட்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

அந்த மூன்று மணி நேரம் அவர்கள் கண்ணில் படும் வேலை மட்டும்தான், அம்மா. முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 2,400 வெள்ளி, கார், கைப்பேசி, இணையம் 390, சேமிப்பு 210 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,000 வெள்ளி. மாதம் 160 மணி நேரம் உழைத்தாலும் அத்தனைக்கும் காசு வராது. ஆள் தேடுவது, பேரம் பேசுவது, பயிற்சி, கணக்கு எழுதுவது என்று பாதி நேரம் போய்விடும். காசு வரும் மணி நேரம் 80 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 37 வெள்ளி 50 காசு.

இனி கல்யாணத்துக்கு வருவோம். இரு வீட்டாரையும் பார்த்துப் பேச 2 மணி நேரம், குறிப்பு எழுத 3, மண்டபத்துக்கு முன்னதாகப் போய் ஒலிவாங்கியைச் சோதித்துக் காத்திருக்க 2, மேடையில் 3, ஈப்போ போய்வர 2. ஆக 12 மணி நேரம், 450 வெள்ளி. போகவர சுமார் 60 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 70 காசு என்று 42 வெள்ளி சேர்த்தால் 500 வந்துவிடும். உங்கள் வீட்டுத் தொகைகளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். குறைத்துக் கேட்பவர்களிடம் விலையை மட்டும் இறக்காதீர்கள், கூடவே வேலையையும் குறையுங்கள். 350 வெள்ளிதான் தருவார்கள் என்றால் குறிப்பை அவர்களே எழுதித் தரட்டும், நீங்கள் வாசியுங்கள்.

கல்யாண வேலை பெரும்பாலும் கெடுவது பெயர்களில்தான். தாய்மாமன் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் வேறு எதுவும் நினைவில் நிற்காது. மேடைக்கு வருபவர்களின் பெயர், உறவு, அழைக்க வேண்டிய வரிசை மூன்றையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இது 15 நிமிட வேலை.

கோயில் திருவிழா, சங்க விருந்து என்று கூப்பிடுகிறார்கள். பட்டிமன்றம் பேசி முடித்ததும் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். காசு கேட்டால் ‘சமுதாயத் தொண்டு’ என்கிறார்கள். மரியாதை கெடாமல் எப்படிக் கேட்பது?
– வாசகர், தோட்டப்புறம், சுங்கை சிப்புட்

மாலை விழுந்த பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும். தேதி கேட்டு அழைக்கும் அந்த முதல் தொலைபேசியிலேயே தொகையைப் பேசிவிடுங்கள். கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கொடுத்துத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். பேச்சாளருக்கும் அதே முறையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொண்டாகச் செய்ய விரும்பினால் அதையும் நீங்களே தீர்மானியுங்கள். உங்கள் தோட்டத்துக் கோயில், நீங்கள் படித்த பள்ளி என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று இடங்களை ஒதுக்கி வைத்தால் மற்றவர்களுக்குப் பதில் சொல்வது எளிது.

பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்:

‘வணக்கம் ஐயா. இன்று பேசியபடி, சனிக்கிழமை இரவு 8.00 முதல் 10.30 வரை நடுவராக வருகிறேன். கட்டணம் 600 வெள்ளி. முன்பணம் 300 கிடைத்ததும் தேதி உறுதியாகும். மீதி 300 நிகழ்ச்சியன்று மேடை ஏறுமுன். 10.30-க்கு மேல் ஒவ்வோர் அரை மணிக்கும் 50 வெள்ளி. பேச்சாளர்களுக்குக் கம்பியுள்ள ஒலிவாங்கி இரண்டு வேண்டும். 7 நாளுக்குள் ரத்தானால் முன்பணம் திரும்பாது. சம்மதம் என்றால் பதில் அனுப்புங்கள்.’

‘சரி’ என்று ஒரு சொல் வந்தாலும் போதும், அது ஒப்பந்தம்தான். அரை மணிக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். எட்டு மணி நிகழ்ச்சி ஒய்பி (சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர்) வரும்வரை ஒன்பதரைக்குத் தள்ளிப்போவது இங்கே வழக்கம். அவர் உரை, பரிசளிப்பு, அதிர்ஷ்டக் குலுக்கு எல்லாம் முடிந்து பட்டிமன்றத்துக்கு 40 நிமிடம்தான் மிஞ்சும். ஒரு கட்சிக்கு மூன்று பேச்சாளர் என்று திட்டமிட்டிருந்தால் இரண்டாகச் சுருக்கும் வழியையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். கடைசிப் பேச்சாளர் தொடங்கும்போது கூட்டம் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

திறந்த திடலில் மழைக்கும் ஒரு வரி வேண்டும். ‘நான் வந்து சேர்ந்த பிறகு மழையால் நின்றால் முழுத் தொகை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பள்ளி விழாவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தேன். மறு ஆண்டு வேறிரு இடங்களில் அதையே போட்டார்கள், என் பெயரும் இல்லை. உரிமை யாருடையது?
– வாசகி, சுங்கை சிப்புட்

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு எழுதச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். நீங்கள் எதையும் எழுதி வாங்கவில்லை என்றால் சட்டம் அவர்கள் பக்கம் சாயும் வாய்ப்பே அதிகம். நீங்களாக எழுதிவைத்திருந்த நாடகத்தைப் பிறகு கொடுத்திருந்தால் நிலைமை வேறு, உரிமை உங்களுடையது. உரிமையை முழுமையாக மாற்றித் தருவதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

பெயர் விஷயம் தனி. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு படைப்பாளியின் தார்மிக உரிமையைக் காக்கிறது. பதிப்புரிமை கைமாறினாலும் எழுதியவர் பெயரை மறைப்பதையும், பிரதியைச் சிதைத்து அவர் மதிப்பைக் கெடுப்பதையும் நீங்கள் எதிர்க்கலாம். முதலில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இனி மேடையேற்றும்போது பெயர் போட வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அடுத்த முறை பிரதியின் முதல் பக்கத்திலேயே இப்படிப் போடுங்கள்: ‘இந்நாடகத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. குறிப்பிட்ட விழாவில் ஒரு முறை மேடையேற்ற மட்டும் அனுமதி. மறுமேடைக்கும் காணொளிப் பதிவுக்கும் எழுத்து அனுமதி வேண்டும்.’ வேலையை ஏற்கும்போது இதே வாசகத்தை அவர்களுக்கு அனுப்பிச் சம்மதமும் வாங்கிவிடுங்கள். பிரதி கைக்குப் போன பிறகு அனுப்பினால் அவ்வளவு பலம் இராது.

அரசுப் பள்ளி என்றால் இன்னொன்றும் உண்டு. பள்ளிக் கணக்கிலிருந்து பணம் வர எல்.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணை வேலைக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். விழா முடிந்து பில் நீட்டினால் கணக்கர் நினைத்தாலும் கொடுக்க வழியில்லை. நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம். தரும் வணிகப் பதிவு எண்ணும் கேட்பார்கள். உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனி வணிகப் பெயர் என்றால் 60. இணையத்திலேயே பதியலாம்.

எழுத்தை மட்டும் வைத்து இங்கே குடும்பம் நடத்த முடியுமா?
– இளம் வாசகர், சுங்கை சிப்புட்

சிறுகதை, கவிதையை மட்டும் வைத்து முடியாது, தம்பி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோயிற்று. நாளிதழ்ப் பக்கங்கள் குறைந்த நாட்டில் அந்த ஒரு வாசலை நம்பி இருக்கக் கூடாது. ஆனால் தோட்டப் பட்டணத்தில் எழுத்து வேலை இருக்கத்தான் செய்கிறது. கும்பாபிஷேக மலர், ஆலய ஆண்டறிக்கை, மலாய்க் கடிதங்களின் தமிழாக்கம், தலைவர்களின் உரை, கல்யாண அழைப்பிதழ், நினைவஞ்சலி வாசகம், பள்ளி நாடகம், காணொளிக்கு வசன வரி எனப் பட்டியல் நீளம். மலருக்குப் பக்கக் கணக்கில் விலை சொல்லுங்கள், இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆலயக் குழுவில் ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது விதமான திருத்தம் வரும். திருத்தங்களைச் செயலாளர் ஒருவர் வழியாகவே அனுப்பும்படி கேளுங்கள்.

வருமானம் மாதா மாதம் ஒரே சீராக வராது. ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் கல்யாணங்கள் நிற்கும். அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும், ஆனால் அங்கே கட்டணம் குறைவு. டிசம்பர் நடுவில் மார்கழி, மறுபடியும் கல்யாணம் இல்லை. தை முதல் வைகாசி வரை வருவதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் இந்த இரு மாதங்களையும் கடனில்லாமல் கடக்கலாம். மலர், தமிழாக்கம் போன்ற வீட்டிலிருந்து செய்யும் வேலைகளை இந்த மாதங்களுக்கென்று இழுத்து வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

ரொக்கமாகத்தான் வாங்குகிறேன். வருமான வரி கட்ட வேண்டுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

ரொக்கமானாலும் வருமானம் வருமானம்தான். தனித்தொழில் செய்பவருக்கு பி பாரம் எனப்படும் வரிப் படிவம், கடைசி நாள் ஜூன் 30. சம்பளக்காரர்களின் பி.இ. பாரத்தை நிரப்பிவிடாதீர்கள்.

பயந்து ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. செலவு போக ஆண்டுக்கு 24,000 வெள்ளி மிஞ்சுகிறது என்று வையுங்கள். தனிநபர் விலக்கு 9,000 போனால் 15,000. முதல் 5,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 1 விழுக்காடு, அதாவது 100 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருப்பவருக்கு 400 வெள்ளி வரைத் தள்ளுபடி உண்டு என்பதால் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்த பி பாரம் கையில் இருந்தால்தான் கார்க் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ வங்கி உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

காருக்கு எண்ணெய் போட்ட ரசீது, ஒலிவாங்கி வாங்கிய பில், அச்சுச் செலவு அனைத்தையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரசீது மை சில மாதங்களில் மங்கிவிடும். அன்றைக்கே படமெடுத்து மாதவாரியாகச் சேமியுங்கள்.

உறுமி மேளத்துக்கு நடுவே கத்தி அறிவித்து, மறுநாள் தொண்டை அடைத்துவிடுகிறது.
– வாசகர், சுங்கை சிப்புட்

மேளம் அடிக்கும்போது பேசாதீர்கள். மேளக்குழுத் தலைவரிடம் ஒரு கைச்சைகையைப் பேசிவைத்துக்கொண்டு, மேளம் நின்ற பிறகு பேசுங்கள். ஒலிவாங்கியை உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், சற்றுக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். அதன் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் குரல் குழம்பும், ஊளைச் சத்தமும் வரும். ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்தாலும் அதே ஊளைதான். உங்கள் குரல் உங்களுக்கே கேட்காதபோதுதான் கத்தத் தோன்றும். அதனால் மேடையை நோக்கி ஒரு சிறு ஒலிபெருக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தொண்டை அடைத்த நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது, குரல்நாண் இன்னும் இறுகும். வாயை மூடி இருப்பதே நல்லது. தேனும் இஞ்சியும் இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது குரல்நாணைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் ஆவி பிடிப்பதும்தான் உதவும். இரண்டு வாரம் ஆகியும் குரல் திரும்பவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மேடையில் விழுந்து கால் உடைந்தால் யார் பொறுப்பு? வயதான காலத்துக்கு என்ன வழி?
– வாசகி, சுங்கை சிப்புட்

சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டத்தில் கலைத்துறையும் உண்டு. மிகக் குறைந்த பிரிவு ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. வேலையின்போதும் வேலைக்கான பயணத்திலும் நேரும் விபத்துக்குச் சிகிச்சையும், வேலை செய்ய முடியாத நாள்களுக்கு உதவித்தொகையும் கிடைக்கும். சாதாரணக் காய்ச்சலுக்குக் கிடையாது. விபத்துக்குப் பிறகு பதிந்தால் பயனில்லை.

வயதான காலத்துக்கு, ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.-இன் ஐ-சாரான் என்னும் தன்விருப்பச் சேமிப்புத் திட்டம். இப்போதைய விதிப்படி நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசு சேர்த்துப் போடுகிறது. முழுத் தொகை கிடைக்க ஆண்டுக்கு 2,500 போட வேண்டும், மாதம் சுமார் 209. முதல் பதிலில் சேமிப்பு 210 என்று போட்டது இதற்காகத்தான்.

நிகழ்ச்சி முடிந்து ஐந்து மாதம். மீதி 900 வெள்ளி வரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. வழக்கறிஞருக்கே அதைவிட அதிகம் செலவாகுமே?
– வாசகர், சுங்கை சிப்புட்

வழக்கறிஞர் தேவையில்லை, ஐயா. 5,000 வெள்ளி வரையுள்ள தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நேரில் வர வேண்டும்.

முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வராவிட்டால் நீதிமன்ற முகப்பில் 198-ஆம் பாரம் வாங்கி, தொகையையும் காரணத்தையும் சுருக்கமாக எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை நாளும் நேரமும் தெரிய அச்செடுங்கள். நிகழ்ச்சி அழைப்பிதழில் உங்கள் பெயர் இருக்கும் பக்கம், மேடைப் படம், முன்பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றை இணையுங்கள். முத்திரையிட்ட பாரம் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்ததும் அவர்கள் 14 நாளுக்குள் 199-ஆம் பாரத்தில் பதில் தர வேண்டும். பதிலும் தராமல் வராமலும் இருந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பாகலாம்.

இதில் பலர் தடுக்கி விழுவது எதிர்த்தரப்பின் பெயரில். உங்களை அழைத்த அன்பர் ஒருவர், பணம் கொடுக்க வேண்டிய சங்கம் வேறொன்றாக இருக்கும். அழைப்பிதழிலும் முன்பணம் வந்த வங்கிக் கணக்கிலும் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சங்கம் என்றால் பதிவில் உள்ள முழுப் பெயரையும் முகவரியையும் கண்டுபிடித்துக்கொண்டு போங்கள், யார் மேல் போடுவது என்பதை முகப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் பணத்துக்கு ஆறு ஆண்டு வரை வழக்குப் போடலாம். ஆனால் சங்கத் தேர்தல் வந்து பழைய செயலவை மாறிவிட்டால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்பார்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே கடிதம் அவர்கள் கையில் இருக்கட்டும்.