சுண்டிக்குளத்தில் ஜியோகேச்சிங் செய்யலாமா?

இலங்கையின் வடக்கே, கனகராயன் ஆறு வந்து விழும் சுண்டிக்குளம் கடல்நீரேரிப் பக்கம் பிள்ளைகளோடு ஜியோகேச்சிங் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. செய்யலாம், ஆனால் பெட்டி ஒளித்து வைக்காமல்.

2000 மே மாதம் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது. உடனேயே அங்கே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆள்கூறுகளை (இடத்தைக் குறிக்கும் எண்களை) இணையத்தில் போட்டார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

இந்த வன்னிப் பகுதியில் அந்த முறை சரிவராது. பற்றைக்குள் கிடக்கும் பெட்டியைத் தொடாதே என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். மிதிவெடி அபாயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதோடு சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு கிடக்கும் அந்த முட்டை, தேடி அலைபவரின் கண்ணில் படுமுன் காலில் மிதிபட்டுவிடும்.

உங்களுக்குப் பொருத்தமானது எர்த்கேச். இதில் பெட்டியே கிடையாது. குறித்த இடத்துக்குப் போய், நிலத்தைக் கவனித்து, கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும். உதாரணமாக, கடல்நீரேரிக் கரையில் உப்புப் படிந்த வெள்ளைக் கோடு எதுவரை ஏறியிருக்கிறது, ஏன்? போகுமுன் வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள். பாவனையில் உள்ள பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.