டூரினின் சாபமும் உங்கள் இளவரசனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோல்கீனின் ‘ஹூரினின் பிள்ளைகள்’ வாசித்தேன். எல்லாம் தீய தேவனான மோர்கோத் ஹூரினின் குடும்பத்துக்கு இட்ட சாபப்படிதான் நடக்கிறது என்றால், ஹூரினின் மகன் டூரினின் பிழை என்று எதைச் சொல்வது? காரணமாகத்தான் கேட்கிறேன். தன் சாவு எப்படி வரும் என்று முன்பே தெரிந்த ஓர் இளவரசனை வைத்து மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நிற்கிறது. படித்தவர்கள், “எப்படியும் தோற்கத்தானே போகிறான்?” என்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டூரின் சறுக்கும் இடங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். தப்பிக்கும் வழி ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் திறந்தே இருக்கிறது. அவனை வளர்த்த எல்ஃப் இன அரசன் திங்கோலின் அவையைச் சேர்ந்த சைரோஸ் அவன் துரத்தியதில் செத்ததும், அரசனிடம் வந்து நடந்ததைச் சொல் என்கிறார்கள். அவன் விசாரணைக்கு நிற்காமல் காட்டுக்குள் போய்விடுகிறான். திங்கோல் அவனை மன்னித்துவிடுகிறான். அது நமக்குத் தெரியும், டூரினுக்குத் தெரியாது. பிறகு நண்பன் பெலெக் தேடிவந்து சொல்லியும் திரும்ப மறுக்கிறான். அந்த மறுப்பில் சாபத்துக்கு வேலையே இல்லை.

பின்னால் அவன் போய்ச் சேரும் நார்கோத்ராண்டிலும் இதே கதை. மறைந்திருந்து பிழைத்த நகரத்துக்குப் பாலம் கட்டச் சொன்னவன் அவன். அதை இடித்துவிடு என்று நீர்த்தேவன் உல்மோவின் எச்சரிக்கை வந்தபோது கேட்கவில்லை. மோர்கோத்தின் டிராகன் கிளாரங் அந்தப் பாலத்தின் வழியாகவே உள்ளே வந்தது.

உங்களுக்கு மிக உதவக்கூடிய இடம் அந்நகரில் டூரினின் நண்பனான க்விண்டோரின் சாவு. இளவரசி ஃபின்டூயிலாஸைக் காப்பாற்று, உனக்கும் உன் விதிக்கும் நடுவே நிற்பவள் அவள் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டுச் சாகிறான். அதாவது டூரினுக்கு வழி சொல்லப்படுகிறது. உங்கள் இளவரசனுக்கோ முடிவு சொல்லப்பட்டிருக்கிறது. முடிவு தெரிந்தவனுக்கு மற்ற இடங்களில் ஆபத்தே கிடையாது, பாம்புக்கடியால் சாவான் என்றால் போர்க்களத்தில் அவனைப் பற்றி யார் பதறப்போகிறார்கள்? அந்த ஆரூடத்தை ‘இதைச் செய்தால் பிழைப்பாய்’ என்று மாற்றுங்கள். செய்ய முடியாதபடி அவன் குணம் தடுக்கட்டும்.

அந்தக் குணம் அவனுக்கு நல்லதாகத் தோன்ற வேண்டும். டூரின் காட்டுக்குப் போனது தன்மானத்தால், பாலம் கட்டியது வீரத்தால். கிளாரங்கின் பொய்யை நம்பி ஃபின்டூயிலாஸை விட்டுவிட்டு, பிறந்த மண்ணான டோர்-லோமினுக்கு ஓடியது தாய்ப்பாசத்தால். குடி, பெண்பித்து என்று கதையோடு ஒட்டாத குறைகளைப் பூசி ‘குறையுள்ள நாயகன்’ என்பவர்கள் நம்மில் அதிகம். கதைத்திருப்பத்தை உண்டாக்காத குறை வெறும் ஒப்பனை.

இப்படிப்பட்ட திருப்பங்கள் ஒரு நாவலுக்கு நான்கைந்து போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதிப் பாருங்கள்: தப்பும் வழி எது, அதைக் காட்டுவது யார், இவன் எதனால் மறுக்கிறான். மூன்றாவது வரியில் ‘விதி’ என்று எழுத நேர்ந்தால் அந்தக் காட்சி இன்னும் உருவாகவில்லை. இழப்பும் ஏறிக்கொண்டே போக வேண்டும்: முதலில் ஓர் ஆள், அப்புறம் ஒரு நகரம், கடைசியில் சொந்த ரத்தம்.

நடுவில் அவனுக்கு நல்ல நாட்களும் வேண்டும். டூரின் ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் புதுப்பெயருடன் எழுகிறான், மதிக்கப்படுகிறான். தோல்வி மேல் தோல்வியாக அடுக்கினால் வாசகனுக்கு மரத்துப்போகும். உங்கள் நாவல் நடுவில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தற்செயலே கூடாது என்றில்லை. சிறைப்பட்ட டூரினின் கட்டைப் பெலெக் அறுக்கும்போது வாள் நழுவிக் காலில் கீற, இருட்டில் எதிரி என்று நினைத்து டூரின் பெலெக்கைக் கொல்வது கிட்டத்தட்ட தற்செயல்தான். ஆனால் அப்படிப்பட்டவை ஒன்றிரண்டுக்கு மேல் போனால் நாவல் தாங்காது.

முடிந்தால் ஃபின்லாந்தின் காவியமான ‘கலேவலா’வில் குல்லெர்வோ என்பவனின் பகுதியை வாசியுங்கள், 31 முதல் 36 வரையிலான பாடல்கள். டோல்கீன் எடுத்துக்கொண்ட கரு அதுதான். அறியாமல் தங்கையைச் சேர்வது, வாளிடம் பேசிவிட்டு அதன் மேல் விழுந்து சாவது இரண்டும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் குல்லெர்வோ அடிமையாக விற்கப்பட்டவன், அவனுக்குக் கைகொடுப்பவர்கள் குறைவு. டூரினைச் சுற்றி திங்கோல், பெலெக், க்விண்டோர் என்று அவன் நலம் விரும்புகிறவர்களின் கூட்டமே இருக்கிறது. உங்கள் இளவரசனுக்கு அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.