ஆறு நாளா, 1380 கோடி ஆண்டா?

கேள்வி: வேதாகமத்தின் (பைபிளின்) முதல் நூலான ஆதியாகமத்தில் கடவுள் உலகைப் படைத்ததாக வரும் ஆறு நாட்களில் ஒவ்வொன்றும் பல கோடி வருஷம் என்று எடுத்துக்கொண்டால், பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்னும் அறிவியலோடு பொருந்திவிடும் என்கிறார் எங்கள் போதகர். கல்லூரியில் படிக்கும் என் மகள், பொருந்தாது என்று அடித்துச் சொல்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: இதில் நான் உங்கள் மகள் பக்கம்தான். நாளை எவ்வளவு நீட்டினாலும் வரிசை இடிக்கிறது. மூன்றாம் நாளிலேயே புல்லும் கனிமரங்களும் முளைத்துவிடுகின்றன, சூரியன் உண்டாவது நான்காம் நாளில். ஒரு நாள் பல கோடி வருஷம் என்றால் அத்தனை காலமும் மரங்கள் வெயிலே இல்லாமல் எப்படித் தழைத்திருக்கும்? பறவைகள் ஐந்தாம் நாள், தரை விலங்குகள் ஆறாம் நாள். ஆனால் தரையில் திரிந்த டைனோசர் வகைகளிலிருந்துதான் பறவைகள் வந்தன என்று புதைபடிவங்கள் காட்டுகின்றன.

சரி, அப்படியானால் வேதம் பொய்யா? இல்லை. அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் மூன்று நாளில் இடங்கள் தயாராகின்றன, அடுத்த மூன்று நாளில் அந்தந்த இடத்துக்கு உரியவர்கள் வருகிறார்கள்: ஒளிக்குச் சூரிய சந்திரர், வானத்துக்கும் நீருக்கும் பறவையும் மீனும், நிலத்துக்கு விலங்கும் மனிதனும். இது நாட்குறிப்பு எழுதும் முறையே இல்லை, பாட்டு கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் வரிசையே மாறுகிறது, மனிதன் முதலில், மரங்கள் அப்புறம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் அவர்கள் சொல்ல வந்தது வேறு: பக்கத்து நாடுகளெல்லாம் சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட காலத்தில், அவை தெய்வங்கள் அல்ல, படைக்கப்பட்ட சுடர்கள் என்றார்கள். எனக்கு அதுவே பெரிய துணிச்சலாகப் படுகிறது.

இப்படி வாசிப்பது டார்வினின் பரிணாமக் கொள்கைக்குப் பயந்து கண்டுபிடித்த சமாளிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூரியன் இல்லாத அந்த மூன்று நாட்கள் எப்படிப்பட்டவை என்று 1600 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபையின் பெரிய அறிஞரான புனித அகஸ்டின் யோசித்து, அவை நாம் எண்ணும் நாட்களாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

போதகரிடம் ஜார்ஜ் லெமைத்தர் பற்றியும் சொல்லுங்கள். பெல்ஜிய கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவர், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்டவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது லெமைத்தருக்கு அது பிடிக்கவில்லை. தன் கணக்கு கடவுளை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதில் உறுதியாக இருந்தார், கடைசிவரை குருவாகவும் இருந்தார். உங்கள் மகளுக்கு அவரைக் கட்டாயம் பிடிக்கும்.