மதுரை வீட்டு மீடியா சர்வரை வெளியூரிலிருந்து திறக்க முடியவில்லை. போர்ட்டைத் திறந்துவிட்டும் ஏன்?

நீங்கள் எழுதியிருப்பது இது: திருநகர் வீட்டில் பழைய கணினி ஒன்றில் ஜெல்லிஃபின் (நம் வட்டில் உள்ள வீடியோக்களை டிவி, போன்களுக்கு அனுப்பும் மீடியா சர்வர் மென்பொருள்) ஓடுகிறது. அம்மா டிவியில் தடங்கலில்லாமல் பார்க்கிறார். சென்னையிலிருந்து நீங்கள் திறந்தால் சுற்றிச் சுற்றி நின்றுவிடுகிறது. ரூட்டரில் 8096 போர்ட்டை, அதாவது ஜெல்லிஃபினுக்கான எண்ணிட்ட வாசலை, திறந்தும் பயனில்லை. இணைப்பு கொடுத்தவரைக் கேட்டால் ‘லைன் நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை. போர்ட்டைத் தொடுவதை இத்துடன் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுக்கென்று இணையத்தில் தனி முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐ.பி. என்ற இணைய முகவரி முறையின் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பில் மிஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்குப் பெயர் சி.ஜி.நாட். இந்த ஏற்பாட்டில் உள்ளிருந்து வெளியே போகும் தொடர்பு எல்லாம் நடக்கும்; யூடியூப் ஓடும், வீடியோ அழைப்பும் வரும். வெளியிலிருந்து ஒருவர் தாமாக உள்ளே வர மட்டும் வழியிருக்காது. அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். கீழே கேட் பூட்டியிருக்கிறது, சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. வீட்டு வைஃபையில் இருக்கும் யாராவது ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து ‘வான் ஐ.பி.’ அல்லது ‘இன்டர்நெட் ஐ.பி.’ என்று இருப்பதைப் படித்துச் சொல்லட்டும். அதே வைஃபையிலிருந்து, ‘என் ஐ.பி. என்ன’ என்று காட்டும் தளம் ஒன்றையும் திறந்து பார்க்கட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி உண்டு. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால் சி.ஜி.நாட் என்று முடிவு செய்யலாம். 192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு: ஃபைபர்காரர் மாட்டிய பெட்டி ஒரு ரூட்டர், அதன்பின் நீங்கள் வாங்கி வைத்தது இன்னொரு ரூட்டர். அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டராக இயங்காமல் தொடர்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றித் தரச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள்.

இன்னொன்று, சர்வர் வெளியிலிருந்து திறக்கிறதா என்ற சோதனையை மட்டும் வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். பல ரூட்டர்கள் தம் பொது முகவரிக்கு உள்ளிருந்தே போகும் தொடர்பைத் திருப்பித் தருவதில்லை. சரியாக இருப்பதும் பழுதாகத் தெரியும். மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சி.ஜி.நாட் என்று உறுதியானால் வழிகள் சில உண்டு. நிலையான ஐ.பி. கேட்டு வாங்கலாம், தனிக் கட்டணம் இருக்கும், சிறிய கேபிள் நிறுவனங்கள் சில தருவதே இல்லை. ஐ.பி.யின் புதிய ஆறாம் பதிப்பு முகவரி இருந்தால் அதன் வழியாகத் திறக்கலாம், ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலும் அது வேண்டும். விடுதி வைஃபையில் நான்காம் பதிப்பு மட்டும் என்றால் அங்கே கதவு அடைத்ததுதான்.

நான் சொல்வது டெயில்ஸ்கேல், உங்கள் கருவிகளை மட்டும் இணையத்தின் வழியே ஒரு தனி வலையாக இணைக்கும் செயலி. அனுப்பானடியில் என் அக்கா வீட்டிலும் இதைத்தான் வைத்துக் கொடுத்தேன். சர்வரிலும் உங்கள் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழையுங்கள். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே தொடர்பு கொண்டு நடுவில் சந்தித்துக்கொள்வதால் சி.ஜி.நாட் குறுக்கே நிற்பதில்லை. அது சர்வருக்குக் கொடுக்கும் முகவரியோடு 8096 சேர்த்து உலாவியில் அடித்தால் போதும். அந்த முகவரியும் 100 என்றே தொடங்கும், அதைச் சி.ஜி.நாட் முகவரி என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்தது. 8096-ஐ அப்படியே ஊருக்குத் திறந்துவிட்டால் கடவுச்சொல் மறையாக்கப்படாமலேயே இணையத்தில் பயணிக்கும். உங்கள் அப்பா ஹேண்டிகேமில் எடுத்த எதிர்சேவைக் காட்சிகளும் பாட்டியின் குரலும் அந்த வட்டில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை அவ்வளவு திறந்து வைக்க என் மனம் ஒப்பாது. இப்போது திறந்து வைத்திருப்பதையும் மூடிவிடுங்கள்.

‘நண்பன் வீட்டில் பிளெக்ஸ் ஓடுகிறதே’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிளெக்ஸும் ஜெல்லிஃபின் போன்ற மீடியா சர்வர்தான். நேரடி வழி கிடைக்காதபோது அது தன் நிறுவனத்தின் இடைச் சர்வர் வழியாக, வேகத்தைக் குறைத்து அனுப்பும். 2025 ஏப்ரல் முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க அதில் கட்டணமும் உண்டு.

டெயில்ஸ்கேல் போட்ட பிறகும் திறக்கவில்லை என்றால் ஜெல்லிஃபின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வெளித் தொடர்புகளை அனுமதிக்கும் பெட்டியில் குறி இருக்கிறதா பாருங்கள். திறக்கிறது, ஆனால் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் வீட்டின் பதிவேற்ற வேகத்தை அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போடுவது பதிவிறக்க வேகம். முழு எச்.டி. கோப்புக்கு 8 முதல் 10 மெகாபிட் வரை வேண்டியிருக்கும். வேகம் போதாதென்றால் ஆப்பில் தரத்தைக் குறையுங்கள். அப்போது சர்வர் காட்சியை உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும், பழைய கணினி அதற்கே மூச்சு வாங்கலாம். ஹேண்டிகேம் காட்சிகளை முன்கூட்டியே எச்.264 என்ற, பெரும்பாலான கருவிகளில் ஓடும் வீடியோ வடிவத்தில் சிறிய கோப்புகளாக மாற்றி வைப்பது நல்லது. மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக மின்சாரம். பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் கணினி அணைந்தால், மின்சாரம் வந்தபின் அது தானாக எழாது. அம்மா போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்), மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் அமைப்பை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாற்றிவிடுங்கள். ஜெல்லிஃபினும் டெயில்ஸ்கேலும் கணினியோடு சேர்ந்தே தொடங்கும்படி வைத்துவிட்டு, வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் செருகி, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

ரூட்டர் காட்டும் முகவரியின் முதல் இரண்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். முழு முகவரி வேண்டாம்.