போனவர் கையில் விலைக்கோப்பு: கஜகஸ்தானில் வழக்கு நிற்குமா?

கேள்வி: அல்மாட்டியில் மருந்து விநியோகம் செய்யும் நிறுவனத்தில் நான் பங்குதாரர். எங்கள் விற்பனை மேலாளர் ராஜினாமா செய்துவிட்டுப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். கிளம்பும் முன், எந்த மருந்துக்கடைக்கு எவ்வளவு தள்ளுபடி, எத்தனை நாள் கடன் என்ற விவரமெல்லாம் உள்ள எக்செல் கோப்பைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறார். 'நிறுவன ரகசியங்களை வெளியிட மாட்டேன்' என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அது போதுமா?

பதில்: அந்த வரியை மட்டும் நம்பி நீதிமன்றப் படி ஏறாதீர்கள். கஜகஸ்தான் சிவில் சட்டத்தொகுப்பின் 126வது பிரிவுப்படி, ஒரு தகவல் வணிக ரகசியம் ஆக வேண்டுமென்றால் அது வெளியாருக்குத் தெரியாததால் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும், சட்டப்படி எவரும் எளிதில் பெற முடியாததாக இருக்க வேண்டும், அதைக் காக்க உரிமையாளர் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். முதல் இரண்டில் உங்களுக்குப் பெரிய சிக்கல் வராது. மருந்துக்கடைகளின் பெயர் ஊரறிந்தது, மருந்துகளின் உச்சவரம்பு விலையைச் சுகாதார அமைச்சகமே வெளியிடுகிறது. அவற்றை ரகசியம் என்று வாதாட வேண்டாம். கடைவாரியான தள்ளுபடியும் கடன் தவணையும்தான் உங்கள் சரக்கு.

வழக்கு பெரும்பாலும் மூன்றாவதில்தான் தடுக்கி விழும். என்ன நடவடிக்கை என்பதை 2016 ஜனவரி முதல் நடப்பில் உள்ள தொழில்முனைவோர் சட்டத்தொகுப்பின் 28வது பிரிவு சொல்கிறது. எவையெல்லாம் ரகசியம் என்ற பட்டியல், அவற்றைக் கையாள்வதற்கான விதிமுறை, யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவேடு. இந்தப் பதிவேட்டைத்தான் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தேதி, கோப்பின் பெயர், பெற்றவர் கையெழுத்து இருந்தால் சாதாரண நோட்டுப் புத்தகமே போதும். பட்டியலில் 'வாடிக்கையாளர் வாரியான விலை நிபந்தனைகள்' என்று ஒரு வரி இருந்து, மேலாளர் அதைப் படித்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தால் உங்கள் வழக்குக்குக் கால் முளைத்துவிடும். அப்படி எதுவும் இல்லையென்றால்? இப்போது உட்கார்ந்து பழைய தேதி போட்டுத் தயாரிக்கும் ஆசை வேண்டாம். மாட்டினால் உள்ளதும் போகும்.

காகிதங்கள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். முதல் வேலை, அவர் அனுப்பிய மின்னஞ்சலின் சர்வர் பதிவை யாரும் தொடாதபடி பாதுகாப்பது. அப்புறம் அவருக்கும் அவருடைய புது நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் நோட்டீஸ். புது நிறுவனத்துக்கு எதற்கு என்றால், தகவலைத் தானாக, நேர்மையான வழியில் பெற்றவர் அதைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்று பின்னால் அவர்கள் சொல்ல வழி வைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தை மீறி ரகசியத்தை வெளியிட்ட ஊழியரிடம் இழப்பீடு கேட்க அதே 126வது பிரிவு வழி தருகிறது. ஆனால் கோப்பு போன பிறகு எந்தக் கடை கைவிட்டுப் போனது, எந்த மாதம் ஆர்டர் குறைந்தது என்று கணக்கு காட்ட வேண்டியது நீங்கள். போலீஸ் புகாரும் சாத்தியம்தான். குற்றவியல் சட்டத்தொகுப்பின் 223வது பிரிவு வணிக ரகசியத்தைச் சட்டவிரோதமாகப் பெறுவதையும் வெளியிடுவதையும் பற்றியது. என்றாலும் இழப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளாமல் அந்தக் கதவைத் தட்டுவதில் பயனில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இனி சேரும் மேலாளரிடம், தொழிலாளர் சட்டத்தொகுப்பின் 29வது பிரிவின் கீழ், போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யாமல் இருக்கும் ஒப்பந்தமும் தனியாக வாங்கலாம். எந்தெந்தப் பதவிகளுக்கு அது பொருந்தும் என்பதை நிறுவன ஆணையாக முன்கூட்டியே வெளியிட்டிருக்க வேண்டும். தாள்கள் எல்லாம் கசாக்கிலோ ரஷ்ய மொழியிலோ இருக்கட்டும்; தலைமை அலுவலகம் அனுப்பும் ஆங்கில மாதிரியில் மட்டும் கையெழுத்து வாங்கினால், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பைப் பற்றியே தகராறு கிளம்பும். உங்கள் நிறுவனம் அஸ்தானா சர்வதேச நிதி மையத்தில் பதிவானது என்றால் சொல்லுங்கள். அங்கே ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் தனி நீதிமன்றமே இருக்கிறது, அணுகுமுறையும் வேறு.