கிடாவைப் பார்க்காதீர்கள், கிடாவின் தாயைப் பாருங்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் பார்பாரி என்ற வெள்ளாட்டு இனத்தில் ஆறு பெட்டைகளும் ஒரு கிடாவும் வாங்கி, வீட்டுக் கொல்லையில் கொட்டில் முறையில் வளர்க்கிறோம். பேரப்பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கும் என்றுதான் வாங்கினோம். தொடக்கத்தில் ஒவ்வொரு ஆடும் முக்கால் லிட்டருக்குக் குறையாமல் கறந்தது. இப்போது அவற்றின் மகள்கள் அரை லிட்டரைத் தாண்டுவதில்லை. குட்டிகளும் சிறுத்துப் பிறக்கின்றன. போன ஈத்தில் மூன்று குட்டிகள் பிறந்த வாரத்திலேயே செத்துவிட்டன. ஒரு தரகர், “ஜமுனாபாரி ரத்தம் கலந்த கொம்பில்லாத கிடா இருக்கிறது, சான்றிதழோடு 40,000 ரூபாய், பால் இரண்டு மடங்காகும்” என்கிறார். எங்கள் பெட்டைகளிலும் இரண்டுக்குக் கொம்பில்லை. இந்தக் கிடாவை வாங்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. முன்பணம் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதோடு போகட்டும் என்று விட்டுவிடுங்கள். மீதிப் பணத்தையும் கொடுத்து அந்தக் கிடாவை ஓட்டி வந்தால் நஷ்டம் பல ஆண்டுகளுக்குத் தொடரும்.

முதலில் உங்கள் பட்டியில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். நான்கு ஆண்டாக ஒரே கிடா. கிடா சேர்த்த நாளிலிருந்து சுமார் 150 நாளில் குட்டி. அந்தப் பெட்டைக் குட்டி பத்து மாதத்தில் கிடாவுக்குத் தயாராகிவிடும். ஆக, ஒரு கிடா பட்டிக்குள் நுழைந்த பதினைந்தாவது மாதத்திலிருந்து தன் மகள்களோடு சேரத் தொடங்குகிறது. உங்கள் கிடா இந்நேரம் பேத்திகள் வரைக்கும் போயிருக்கும். இதைத்தான் உள்ளினச் சேர்க்கை என்கிறோம். இதன் முதல் அடையாளமே குட்டிகள் சிறுத்துப் பிறப்பதும், பிறந்த சில நாளில் சாவதும்தான். அடுத்து சினை பிடிக்கத் தாமதமாகும், அப்புறம் பால் குறையும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கிடாக் குட்டிகளை எந்த வயதில் தாயிடமிருந்து பிரிக்கிறீர்கள்? பார்பாரி சீக்கிரம் பருவத்துக்கு வரும் இனம். மூன்று மாதம் முடிந்தவுடன் கிடாக் குட்டிகளைத் தனியே கட்டவில்லை என்றால், தாயையும் தங்கையையும் அவையே சினையாக்கிவிடும். கொல்லையில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆனால் பால் குறைந்த கணக்கு முழுவதையும் கிடாவின் தலையில் கட்ட முடியாது. நீங்கள் மகள்களின் கறவையைத் தாய்களின் கறவையோடு ஒப்பிடுகிறீர்கள். தாய்கள் மூன்றாவது, நான்காவது ஈத்தில் இருந்தபோது கறந்ததையா, முதல் ஈத்தில் கறந்ததையா? வெள்ளாடு தலையீத்தில் குறைவாகத்தான் கறக்கும். மூன்றாம், நான்காம் ஈத்தில்தான் அதன் முழு கறவை தெரியும். தாயின் தலையீத்தோடு மகளின் தலையீத்தை வைத்துப் பார்த்தால்தான் அது ஒப்பீடு. அந்தக் கணக்கு உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன், ஏனென்றால் யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்கச் சொல்லவும் ஆள் கிடையாது. 2011இல் விலையில்லா ஆடு திட்டம் வந்தது, குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுத்தார்கள். ஊருக்கு ஒரு கறவைக் கணக்கு நோட்டும், அதைப் பார்க்க ஒரு ஆளும் அதோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்று எந்த ஆட்டின் மகனைக் கிடாவாக விடலாம் என்று சொல்ல ஊரிலேயே ஆதாரம் இருந்திருக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போட மருந்தகம் மருந்தகமாக வசதி இருக்கிறது. ஆடு வைத்திருப்பவர் நல்ல கிடாவைத் தேடித் தெருத்தெருவாகத்தான் அலைய வேண்டியிருக்கிறது. தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

சரி, அந்தச் சான்றிதழுக்கு வருகிறேன். தயவுசெய்து அதை ஒரு முறை படித்துப் பாருங்கள். கால்நடை மருத்துவர் கொடுத்த உடல்நலச் சான்றாக இருந்தால், அன்றைக்கு ஆடு நோயில்லாமல் இருந்தது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அதன் தாய் யார், தாய் எவ்வளவு கறந்தது என்று அந்தக் காகிதம் சொல்லாது. “கர்னாலில் பதிவு செய்த இனம்” என்று சிலர் சொல்வார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இனங்களைத்தான் பதிவு செய்கிறது, உங்கள் தரகர் கையில் பிடித்திருக்கும் தனிப்பட்ட கிடாவை அல்ல. காதில் தோடு இருப்பதும் வம்சாவளிக்குச் சாட்சி ஆகாது. காப்பீட்டுக்குப் போட்ட தோடாக இருக்கும், அல்லது தடுப்பூசிக் கணக்குக்காக. நான் பார்த்த வரையில், விற்பனைக்கு வரும் நூறு ஆட்டில் ஒன்றுக்குக்கூடத் தாயின் கறவையை எழுதிய காகிதம் இருந்ததில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டத்தான் முத்திரையும் கையெழுத்தும்.

சந்தையில் இன்னும் என்னென்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் மடியைக் கட்டவிட்டு, “மடியைப் பாருங்கள்” என்பார்கள். வேறு ஆட்டின் குட்டியைக் கூடச் சேர்த்துக் கட்டி, மூன்று குட்டி போட்ட ஆடு என்பார்கள். வடக்கிலிருந்து நேரடி இறக்குமதி என்று செல்போனில் வீடியோ அனுப்பி முன்பணம் வாங்குவார்கள். லாரியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்த ஆடு இறங்கிய வாரமே நிமோனியாவிலோ ஆட்டுக்கொல்லி நோயிலோ விழும். “கனடா குட்டை ஆடு, குட்டை என்றாலே பால் இனம்” என்று சொல்லி அழகுக்கு வளர்க்கும் ஆட்டை விற்பதும் இப்போது நடக்கிறது. குட்டையாக இருப்பதும் பால் கறப்பதும் வேறு வேறு. வெள்ளையில் பழுப்புப் புள்ளியும் நிமிர்ந்த சின்னக் காதும் பார்பாரியின் அடையாளம்தான், ஆனால் புள்ளி எத்தனை என்று பார்த்துக் கிடா வாங்குகிறவர்களுக்குப் புள்ளிதான் கிடைக்கும்.

ஜமுனாபாரிக் கலப்பு உங்களுக்கு ஆகவே ஆகாது. பார்பாரி உத்தரப் பிரதேசத்தின் ஏட்டா, ஆக்ரா, மதுரா, அலிகர் பக்கத்துச் சிறிய ஆடு. பெட்டை 20 முதல் 25 கிலோ இருக்கும். ஜமுனாபாரி யமுனை, சம்பல் ஆற்றங்கரைகளின் நெடிய ஆடு. அதன் கிடா 60 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. அந்த உடம்புக்குரிய குட்டியை உங்கள் பெட்டையின் சின்ன இடுப்பெலும்பு வழியாக வெளியே எடுக்க வேண்டும். தலையீத்துப் பெட்டை என்றால் தாயும் போகலாம், குட்டியும் போகலாம். அமெரிக்காவில் குட்டைப் பால் ஆடுகளை உருவாக்குகிறவர்கள்கூட நைஜீரியக் குட்டைக் கிடாவைப் பெரிய பால் இனப் பெட்டையோடு சேர்ப்பார்களே தவிர, தலைகீழாகச் செய்வதில்லை. தப்பிப் பிறந்த குட்டி வளர்ந்தாலும் அதற்குத் தீவனம் அதிகம், இடம் அதிகம். கொல்லையில் கட்டி வளர்க்கச் சிறிய ஆடு வேண்டும் என்றுதானே பார்பாரியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

இப்போது கொம்பில்லாத விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கொம்பில்லாத ஆடு முட்டினாலும் குழந்தைகளுக்குக் காயம் குறைவு என்பது உண்மை. கொம்பில்லாத கிடாவோ பெட்டையோ வைத்திருப்பதும் தவறில்லை. தவறு எங்கே வருகிறதென்றால், கொம்பில்லாததைக் கொம்பில்லாததோடு சேர்க்கும்போது. ஆட்டில் கொம்பில்லாத தன்மையோடு இன்னொரு குறையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக அந்தத் தன்மை இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டி ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் பிறக்கும். பெற்றோர் இருவருமே கொம்பில்லாதவை என்றால், பெட்டைக் குட்டிகளில் நான்கில் ஒன்றுக்கு இப்படி ஆக வாய்ப்பு உண்டு. கிடாவே அந்தத் தன்மையை இரட்டையாகச் சுமப்பதாக இருந்தால் பாதிக்குப் பாதி. பிறந்தபோது பெட்டை போலவே தெரியும். பிறப்புறுப்பின் கீழ்நுனியில் பட்டாணி அளவு ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். வளர்ந்தால் பருவத்துக்கு வராது, கிடா போல வாடை அடிக்கும், மற்ற பெட்டைகள் மேல் ஏறும். சினை பிடிக்கவே பிடிக்காது. இது தெரியாமல் ஒன்றரை ஆண்டு தீவனம் போட்டு, கொல்லிமலை வைத்தியம் வரை பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே உங்கள் கொம்பில்லாத இரண்டு பெட்டைகளுக்கும் கொம்புள்ள கிடாதான் சேர வேண்டும். கொம்புள்ள பெட்டைக்கு எந்தக் கிடா சேர்ந்தாலும் இந்தக் குறை வராது. ஒரே ஒரு விலக்கு: குட்டியாக இருக்கும்போது கொம்புக் குருத்தைச் சுட்டுவிட்ட ஆடு. சில பண்ணைகளில் இப்படிச் செய்கிறார்கள். அது பார்க்கத்தான் மொட்டைத் தலை, ரத்தத்தில் கொம்புள்ள ஆடுதான். அதைக் கொம்பில்லாததோடு சேர்க்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? கொம்பு இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவுங்கள். சுட்டது என்றால் முடி சரியாக முளைக்காத தழும்பு தட்டுப்படும், சிலவற்றில் கோணலான கொம்புத் துண்டும் எட்டிப் பார்க்கும். இயற்கையிலேயே கொம்பில்லாதது என்றால் முடி சீராக மூடியிருக்கும், அடியில் உருண்டையான எலும்பு மேடு மட்டும் இருக்கும். பிறந்த குட்டியில் இன்னும் சுலபம்: கொம்பு வரப்போகும் குட்டிக்கு உச்சியில் இரண்டு சுழி தெரியும், கொம்பில்லாததற்கு அந்த இரண்டு சுழி இருக்காது. தரகர் “சுட்டதுதான்” என்று சொன்னால் நம்பாமல் நீங்களே தடவிப் பாருங்கள்.

பிறகு எந்தக் கிடா வாங்குவது? கொம்புள்ள, சுத்தமான பார்பாரிக் கிடா. உங்கள் ஆடுகளை வாங்கிய இடத்தில் வாங்காதீர்கள். அங்கே இருப்பது உங்கள் கிடாவின் தம்பியாக இருக்கலாம். மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் கணக்கோடு வளர்க்கிறது, ஆனால் ஆறு ஆடு வைத்திருப்பவர் அங்கே போய் ஒரு கிடா ஓட்டி வருவது நடக்கிற காரியமா? இங்கேயே அக்கம்பக்க மாவட்டத்தில் பார்பாரி வளர்ப்பவரைத் தேடுங்கள். அவர் கறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். கிடாவின் தாயை உங்கள் கண்முன் கறக்கச் சொல்லி, பாலைத் தராசில் வையுங்கள். தாய் செத்துவிட்டது, விற்றுவிட்டேன் என்றால் கிடாவின் அக்காவையாவது கறந்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் இல்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போங்கள். ஆறு பெட்டைக்கும் குட்டி கொடுப்பது அந்த ஒரே கிடா என்பதால், அதன் தாய் எப்படிக் கறந்தது என்பது உங்கள் பட்டி முழுவதையும் பாதிக்கும்.

கிடாவில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு விதையும் ஒரே அளவாக, கெட்டியாக, வீக்கமில்லாமல் இருக்க வேண்டும். கிடாவுக்கும் காம்பு உண்டு. இரண்டுக்கு மேல் இருந்தால் மகள்களுக்கும் வரும், வேண்டாம். கீழ்த்தாடைப் பல் மேல் ஈறில் சரியாகப் பொருந்த வேண்டும். ரத்தப் பரிசோதனையில் புரூசெல்லா (சினையைக் கலைக்கும், பால் வழியாக மனிதருக்கும் பரவும் கிருமி) இல்லை என்று உறுதியான பிறகே பணம் கொடுங்கள். வாங்கி வந்தவுடன் பட்டியில் விடாமல் ஒரு மாதம் தனியே கட்டிவையுங்கள். புரூசெல்லாவுக்கு உங்கள் பெட்டைகளையும் சோதித்துவிடுங்கள், குட்டிகள் செத்ததால் சொல்கிறேன். சோதனை முடிவு எதுவானாலும், பேரப்பிள்ளைகளுக்குப் பாலை நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். பச்சை ஆட்டுப்பால் நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கறவைக் கணக்குக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். குட்டி போட்ட ஒரு மாதம் கழித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, இரவு முழுக்க, பன்னிரண்டு மணி நேரம், குட்டிகளைப் பிரித்து வையுங்கள். காலையில் முழுக்கக் கறந்து, சமையலறைத் தராசில் எடை போட்டு, இரண்டால் பெருக்கி, ஆட்டின் பெயர், எத்தனையாவது ஈத்து, தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு ஈத்து எழுதினாலே எந்தப் பெட்டையின் குட்டியை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று யாரையும் கேட்காமல் நீங்களே சொல்வீர்கள். ஒன்றை மறக்காதீர்கள்: பாலில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் வருவது. மற்றதெல்லாம் வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனம், தாது உப்புக் கலவை, சுத்தமான தண்ணீர். இவை இல்லாமல் எந்தக் கிடா வந்தும் பால் ஏறாது.

புதுக் கிடாவும் பதினைந்து மாதத்தில் வெளியே போக வேண்டும். 40,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் அனுப்ப மனம் வராது, அதனாலும் சொல்கிறேன். உங்களைப் போல பார்பாரி வைத்திருக்கும் இரண்டு மூன்று குடும்பங்களோடு பேசி, ஆளுக்கொரு கிடா வைத்து, சுழற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் திசை எப்போதும் ஒன்றாக இருக்கட்டும், அப்போதுதான் சீக்கிரத்தில் தன் மகளிடமே திரும்பி வராது.

பழைய கிடாவை இந்த வாரமே பெட்டைகளிடமிருந்து பிரித்து, கறிக்குக் கொடுத்துவிடுங்கள். அதன் மகள்களைக் கழிக்க வேண்டியதில்லை. இப்போது வயிற்றில் இருக்கும் குட்டிகளையும் பயந்து ஒதுக்க வேண்டாம். கிடாக் குட்டிகளை மட்டும் இனத்துக்கு வைக்காமல் விற்றுவிடுங்கள். பெட்டைக் குட்டி திடமாக வளர்ந்தால் வைத்துக்கொள்ளலாம். உறவில்லாத கிடாவோடு அது சேர்ந்துவிட்டால், அந்தச் சேர்க்கையில் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கையின் பாதிப்பு இருக்காது.